ஞாயிறு நொறுக்ஸ் - 27: கடல் கட்டித் தர்ற கொத்தனார்

வீடு கட்ட கொத்தனார் புடிக்கிறது எப்படி, கல்யாணத்துக்கு சமையல்காரர் புடிக்கிறது எப்படின்னெல்லாம் நம்ம மக்கள் பக்கம் பக்கமா எழுதியாச்சு. வீட்டுக்குள்ள கடல் கட்ட ஆள் புடிக்கிறது எப்படின்னு யாரும் எழுதின மாதிரி தெரியலை. ஆகவே மகாஜனங்களே, இந்த வார நொறுக்ஸ் அதைப் பத்தித்தான். மீனைக் குழம்புல மட்டும் புடிக்கும்ங்கிறவங்களும் தாராளமா படிக்கலாம். நானும் அந்தக் கட்சிதான் :-)

மேட்டர் இதுதான். ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில அக்கா வீடு. சனி ஞாயிறு எனக்கு மெஸ்ஸும் அதுதான், லாண்டரியும் அதுதான். நான் படிக்கிறது ஸ்ட்ரக்சுரல் இஞ்சினியரிங்ல மாஸ்டர்ஸ். அதனால அத்தான் கணக்குப்படி பாலம், பால்கனி, பரண், பந்தக்கால் எதுக்கும் நாந்தான் நிபுணர். மூணு மாசம் முன்னாடி ஒரு சனிக்கிழமை, மட்டன் சுக்காவை தட்டுல வச்சுட்டு ஆரம்பிச்சார்.

"மாப்ள, முன்னூறு காலன்ல உப்புத்தண்ணி மீன்தொட்டி வைக்கலாம்னு இருக்கேன். கட்டுறவங்க நாலு பேரு வருவாங்க. நீ கூட இருந்து பாரு. நமக்கு கண்ணாடி தெரியும், கணக்கு தெரியாது."

அக்கா அடுப்படியிலிருந்து ஒண்ணும் சொல்லலை. கரண்டி சத்தம் மட்டும் கொஞ்சம் கூடுதலா கேட்டுச்சு.

அதுக்கு ஒரு காரணம் இருக்கு. ஒரு நிமிஷம் கொசுவத்தி சுத்திக்கிறேன். 2024 ஜூலை 8-ம் தேதி விடிகாலையில பெரில் புயல் டெக்சாஸ் கரையைத் தொட்டுச்சு. ஹூஸ்டன் வட்டாரத்துல மட்டும் 20 லட்சத்துக்கு மேல இணைப்புகள்ல கரண்ட் போச்சு. அக்கா வீட்டுல அஞ்சு நாள் இல்லை. அப்ப அவங்ககிட்ட 75 காலன்ல ஒரு கடல்மீன் தொட்டி இருந்துச்சு. கரண்ட் போனா முதல்ல நிக்கிறது விளக்கு இல்லை, பம்பு. பம்பு நின்னா தண்ணி அசையாது, அசையாத தண்ணியில ஆக்சிஜன் கரையாது. ஜூலை வெயில்ல ஏசி இல்லாத வீடு தொண்ணூறு டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குப் போகும்போது தண்ணியும் சூடாகும். சூடான தண்ணியில ஆக்சிஜன் இன்னும் கம்மியாத்தான் நிக்கும். அக்கா ரெண்டு ராத்திரி முழிச்சிருந்து, செம்புல தண்ணியை மொண்டு மொண்டு உயரத்துலேர்ந்து ஊத்திக்கிட்டே இருந்தா, காத்து கலக்கட்டும்னு. மூணாம் நாள் கை தூக்க முடியலை. மீன் எல்லாம் போச்சு. ஒரு நத்தை பொழைச்சுது. பொடிசுக்கு அப்ப ஆறு வயசு. ரொம்ப மாசம் அந்த மூலைப்பக்கம் திரும்பியே பாக்க மாட்டா.

ஆக இந்தத் தடவை அக்காவோட கண்டிஷன் ஒண்ணே ஒண்ணு. "என்ன வேணா கட்டுங்க. இன்னொரு தடவை செம்பெடுத்து மொண்டு ஊத்த என்னால முடியாதுலே."

சரி, இப்ப கணக்குக்கு வருவோம். முன்னூறு காலன்னா எவ்வளவு? எட்டு அடி நீளம், ரெண்டு அடி அகலம், முப்பது இஞ்சு உயரம். தண்ணி மட்டும் கிட்டத்தட்ட 1,135 லிட்டர். கடல் தண்ணி நல்ல தண்ணியை விட கொஞ்சம் கனம், அதனால 1,160 கிலோ. முக்கால் இஞ்சு கண்ணாடிக்கு முன்னூறு கிலோ போடுங்க. அப்புறம் பாறை, மணல், கீழே ஸ்டாண்டு, ஸ்டாண்டுக்குள்ள இன்னொரு தொட்டி. மொத்தத்துல ஒன்றரை டன்னைத் தாண்டிப் போயிடும். இது எல்லாம் நிக்கப்போற இடம் வெறும் பதினாறு சதுர அடி. தண்ணி கனத்தை மட்டும் பங்கு போட்டாலே சதுர அடிக்கு 160 பவுண்டு. இங்க மர வீடுகளுக்கு மாடித் தரையை டிசைன் பண்றது சதுர அடிக்கு 40 பவுண்டு ஆள்நடமாட்ட பாரத்துக்கு. படுக்கையறைன்னா 30.

இதை ஏன் சொல்றேன்னா, அத்தான் தொட்டியை வைக்க ஆசைப்பட்ட இடம் மாடியில இருக்கிற கேம் ரூம். ஹூஸ்டன் பக்கம் புதுசா கட்டுற மாடி வீடுகள்ல இது ஒரு சாங்கியம். மேல ஒரு பெரிய ஹாலு, அதுல ஒரு சோபா, பெரிய டிவி, யாரும் ஓடாத ஒரு ட்ரெட்மில். கீழ்த்தளம் கான்கிரீட் ஸ்லாப், மேல்தளம் மரச்சட்டம். சட்டத்துக்குக் குறுக்கா சுவரோரம் வைக்கலாமா, அடியில முட்டுக் குடுக்கலாமான்னு பேச நிறைய இருக்கு. ஆனா அத்தனையும் பேசினப்புறம்தான் பேனாவை எடுக்கணும். எனக்கு நாலு பேரையும் எடை போட இது ஒண்ணே போதும்னு தோணுச்சு. மாடின்னு சொல்லிப் பாப்போம், யாரு முழிக்கிறாங்கன்னு பாப்போம்.

முதல்ல பெரிய ஷோரூம்காரங்க. (பேரெல்லாம் கேக்காதீங்க, வழக்கு நடத்துற அளவுக்கு ஸ்டைபண்ட் வரலை.) உள்ள நுழைஞ்சா ஊதா வெளிச்சம், மெல்லிய இசை, தட்டுல பிஸ்கட். 2011-லேர்ந்து 2018 வரைக்கும் அனிமல் பிளானட்ல லாஸ் வேகாஸ் ஆளுங்க விதவிதமா தொட்டி கட்டுற 'டேங்க்டு'ன்னு ஒரு நிகழ்ச்சி வந்துச்சே, அத்தான் அதோட பக்தர். அந்த ஷோரூம்ல கால் வச்ச நிமிஷமே அவருக்கு அருள் வந்துருச்சு. விற்பனைத் தம்பி டாப்லெட்டைத் திறந்தான். அக்கா வீட்டு கேம் ரூம் அதுக்குள்ள இருக்கு! சுவருக்குள்ள புதைச்ச மாதிரி தொட்டி, பின்னாடி பவளம், முன்னாடி யாரோ ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் சிரிச்சிக்கிட்டு. மாடியாச்சே, கனம் தாங்குமான்னு கேட்டேன். "இப்பல்லாம் வீடுங்க ஸ்ட்ராங்கா கட்டுறாங்க சார், இதுவரைக்கும் ஒரு கம்ப்ளெய்ன்ட் வந்ததில்லை"ன்னான். தண்ணி ஆவியாகிக் குறைஞ்சா என்ன பண்ணணும்னு அக்கா கேட்டா. "சிம்பிள் மேடம், உப்புத்தண்ணி கலந்து ஊத்திக்குங்க."

அக்கா என்னைப் பாத்தா. நான் அக்காவைப் பாத்தேன். நாங்க ரெண்டு பேரும் தூத்துக்குடி மக்கா! பாத்தியில கடல் தண்ணியைப் பாய்ச்சினா தண்ணி மட்டும் வெயிலுக்குப் போகும், உப்பு அங்கனயே கிடக்கும்னு எங்க ஊர்ல ஒண்ணாப்பு பிள்ளைக்கும் தெரியும். தொட்டியிலயும் அதே கதைதான். ஆவியாகிறது வெறும் தண்ணி. குறைஞ்சதுக்கு நல்ல தண்ணிதான் ஊத்தணும், அதுவும் சுத்திகரிச்ச தண்ணி. இவன் சொன்னபடி ஊத்திக்கிட்டே வந்தா ரெண்டு மாசத்துல மீனுக்குப் பதிலா கருவாடு எடுக்கலாம். கடல் தண்ணிக்கு லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு, அடர்த்தி 1.025, 1.026-ல நிக்கணும். அதைத் தாண்டி ஏற ஏற பவளம்தான் முதல்ல முகத்தைத் திருப்பிக்கும்.

அவன் இன்னொண்ணும் சொன்னான். பொடிசோட பொறந்தநாள் எப்பன்னு விசாரிச்சிட்டு, அன்னிக்கே மீனோட ரெடி பண்ணிக் குடுத்துருவோம்னான். தொட்டி வந்து அஞ்சு நாள்ல பொறந்தநாள். புதுத் தொட்டியில மீன் கழிவுலேர்ந்து வர்ற அமோனியாவை முதல்ல நைட்ரைட்டாவும், அப்புறம் நைட்ரேட்டாவும் மாத்துற பாக்டீரியா பாறையிலயும் மணல்லயும் குடியேறணும். சாதாரணமா நாலு வாரம், ஆறு வாரம் ஆகும். அதுக்கு முந்தி மீனை விட்டா அது தன்னோட மூத்திரத்துலயே சாகும். இதைத் தெரியாம சொன்னானா, தெரிஞ்சே சொன்னானா? தெரிஞ்சே சொல்லியிருந்தா அது இன்னும் மோசம். மொத்தம் 21,500 டாலர், பாதி முன்பணம்.

ரெண்டாவது ஆளு போன்லயே முடிஞ்சுது. வெளி மாநிலத்து ஃபேக்டரி, லாரியில தொட்டி மட்டும் வரும், வாசல்ல இறக்கிட்டுப் போயிடுவாங்க. கண்ணாடி நல்ல கண்ணாடி, விலையும் நியாயம். குழாய் மாட்டுறது, தூக்கி உள்ள வைக்கிறது எல்லாம் உங்க பாடு. கையில வேலை தெரிஞ்சவங்களுக்கு இதுதான் சரியான வழின்னு நினைக்கிறேன். அத்தானுக்குத் தெரிஞ்ச ப்ளம்பிங், குழாய் ஒழுகினா அடியில பக்கெட் வைக்கிறது. மூணாவது ஆளு ரெண்டு தடவை தேதி குடுத்து ரெண்டு தடவையும் வரலை. விட்டுட்டோம்.

நாலாவதா வந்தவர் ஒரு பெரியவர். அறுபதைத் தாண்டியிருப்பார். கிழக்கே கப்பல் கால்வாய் பக்கம் ரிஃபைனரியில முப்பது வருஷம் குழாய் வேலை பாத்து ரிட்டயர் ஆனவர், இப்ப ஒரு ஷெட்டுல தொட்டி கட்டுறார். டாப்லெட் கிடையாது. ஒரு டார்ச்சு, ஒரு ரசமட்டம், காதுல ஒரு பென்சில். காபி வேணுமான்னு அக்கா கேட்டா. "முதல்ல கராஜைக் காட்டுங்க"ன்னார். கராஜுல காரை நகத்தச் சொல்லி, குனிஞ்சு தரையைப் பாத்தார். அங்க கான்கிரீட்டுல ஒரு முத்திரை இருந்துச்சு, போஸ்ட் டென்ஷன் ஸ்லாப், வெட்டாதே துளைக்காதேன்னு. அத்தான் இந்த வீட்டுக்கு வந்து எட்டு வருஷம் ஆச்சு, அன்னிக்குத்தான் அதைப் பாத்தார்.

இந்த இடத்துல எனக்குள்ள இருந்த இஞ்சினியர் எழுந்து நின்னு கை தட்டினான். ஏன்னா அந்த மாதிரி ஸ்லாப்புக்குள்ள இரும்புக் கேபிளை இழுத்து முறுக்கேத்தி வச்சிருப்பாங்க. தொட்டிக்கு வடிகால் போடுறேன்னு தரையை வெட்டி ஒரு கேபிளை அறுத்தா தளத்தோட பலமும் போகும், வெட்டுறவன் உயிருக்கும் உத்தரவாதம் இல்லை. ஷோரூம் வரைபடத்துல, கீழ்த்தளத்துக்கான மாற்று ஏற்பாட்டுல, தரையில வடிகால் அழகா ஒரு வட்டமா இருந்துச்சு! ஹூஸ்டன் மண்ணு களிமண்ணு வேற. மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும், ஸ்லாப்பும் கூடவே கொஞ்சம் ஆடும். பெரியவர் ஹால்ல நாலு இடத்துல ரசமட்டம் வச்சுப் பாத்து, எட்டு அடிக்கு எவ்வளவு சாயுதுன்னு பென்சில்ல சுவத்துலயே எழுதினார். (அக்கா முகத்தைப் பாக்கணுமே, போன தீபாவளிக்குத்தான் பெயின்ட் அடிச்சிருந்தா.)

மாடிக்குக் கூட்டிட்டுப் போனோம். கேம் ரூம் நடுவுல நின்னு ஒரே ஒரு தடவை குதிச்சார். ட்ரெட்மில் மேல இருந்த தண்ணி பாட்டில் ஆடுச்சு. "இங்க நான் கட்ட மாட்டேன்"னார். அவ்வளவுதான். விளக்கமெல்லாம் இல்லை. கீழ இறங்கிட்டார்.

அப்புறம் கேள்வி மேல கேள்வி. மெயின் போர்டு எங்க? அந்தச் சுவத்துக்கு எத்தனை தனி லைன் வருது? எல்லாத்தையும் ஒரே லைன்ல மாட்டினா, ஹீட்டர் கண்ணாடி விரிசல் விட்டு தண்ணியில கரண்ட் கசியும்போது, நம்மூர்ல ஈ.எல்.சி.பி.ன்னு சொல்வோமே அது மாதிரி இங்க இருக்கிற ஸ்விட்ச் விழும், பம்பும் சேந்து நின்னு போகும். அதனால ரெண்டு லைன் வேணும், பம்பையும் ஹீட்டரையும் பிரிச்சுப் போடணும். ஹீட்டரே பெருசா ஒண்ணு வேணாம், சின்னதா ரெண்டு. ஒண்ணு அணையாம மாட்டிக்கிட்டாலும் தொட்டி வெந்து போகாது. குழாய்த் தண்ணியில குளோரின் மட்டும்னு நினைக்காதீங்க, ஹூஸ்டன்ல குளோரமின் போடுறாங்க, அதுக்குத் தகுந்த கரி ஃபில்டர் வேணும். வீட்டுல சின்னப் பிள்ளை இருக்கா? அப்ப சில வகைப் பவளத்துல பேலிடாக்சின்னு கொடிய விஷம் இருக்கு, அந்தப் பாறையைச் சுத்தம் பண்றேன்னு யாரும் அடுப்புல வச்சுக் கொதிக்க வைக்கக் கூடாது, ஆவியே ஆளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும். போன புயல்ல எத்தனை நாள் கரண்ட் இல்லை? இந்தக் கேள்விக்கு அக்கா பதில் சொன்னா. செம்புக் கதையையும் சொன்னா. அவர் தொப்பியைக் கழட்டிட்டு முழுசாக் கேட்டார்.

கேட்டு முடிச்சதும், "மேடம், கொஞ்சம் கையை நீட்டுங்க"ன்னார்.

அக்கா முழிச்சா. கை ஜோசியமான்னு அத்தான் கேட்டார். பெரியவர் டேப்பை எடுத்து அக்குள்லேர்ந்து விரல் நுனி வரைக்கும் அளந்தார். இருபத்தஞ்சு இஞ்சு. "இந்தத் தொட்டிக்குள்ள தினம் கையை விடப்போறது யாரு?"

ஹாலே அமைதியாயிடுச்சு. அத்தான் விட்டத்தைப் பாத்தார். பழைய தொட்டிக்குப் பாசி சுரண்டினது யாரு, உப்பு கலக்கினது யாருன்னு எல்லாருக்கும் தெரியும். முப்பது இஞ்சு உயரத் தொட்டியில அக்கா ஏணி போட்டு ஏறினாலும் அடிமணலைத் தொட முடியாது. ஒரு பவளம் சரிஞ்சு விழுந்தா யாரையாவது கூப்பிடணும். அத்தனை ஆயிரம் டாலர் குடுத்து வாங்கின தொட்டியில அவளால ஒரு கல்லை நிமித்தி வைக்க முடியலைன்னா அது யாரு தொட்டி?

"உயரத்தை இருபத்துநாலா குறைங்க. 240 காலன் ஆகும். நீளம் அகலம் அதேதான்"னார்.

அத்தானுக்கு 'முன்னூறு'ங்கிற நம்பர் மேல ஒரு காதல். விடுவாரா? "அறுபது காலன் போகுதே! தண்ணி கூட இருந்தா வெப்பமும் உப்பும் சீக்கிரம் மாறாதுன்னு நீங்களே சொல்வீங்களே"ன்னு மடக்கினார். அது உண்மைதான். பெரிய தொட்டி மெதுவாத்தான் சூடாகும், மெதுவாத்தான் கெடும். இங்கதான் மாப்பிள்ளையோட படிப்பு உதவிச்சு. அத்தான்கிட்ட சொன்னேன்: முன் கண்ணாடியைத் தண்ணி தள்ளுற விசை உயரத்தோட வர்க்கத்துல ஏறும். தொட்டி முன்னும் பின்னும் எவ்வளவு அகலம்ங்கிறது அந்தக் கணக்குலயே வராது. முப்பது இஞ்சுல எட்டடிக் கண்ணாடியை 725 கிலோ தள்ளும். இருபத்துநாலுல 465 கிலோதான். கண்ணாடியை ஒட்டியிருக்கிற சிலிகானுக்கு வாழ்நாள் பூரா அதுதான் வேலை, ராவும் பகலும் தாங்கிக்கிட்டே இருக்கிறது. 2022 டிசம்பர் 16-ம் தேதி பெர்லின்ல ஒரு ஹோட்டலுக்குள்ள இருந்த அக்வாடோம் தொட்டி விடிகாலையில வெடிச்சு, பத்து லட்சம் லிட்டர் தண்ணி ரோட்டுக்கு வந்துச்சே, ஏறக்குறைய 1,500 மீன் அதுக்குள்ள இருந்துச்சே, ஞாபகம் இருக்கான்னேன். அது அக்ரிலிக், அது வேற அளவு, நம்ம தொட்டிக்கும் அதுக்கும் ஸ்நானப்ராப்தி கிடையாது. ஆனா அத்தானுக்கு வீடியோ காட்டினாத்தான் வேலை ஆகும் :-)

அக்ரிலிக்கா கண்ணாடியான்னு நிறைய பேரு மண்டையை உடைச்சுக்கிறாங்க. அக்ரிலிக் கனம் பாதிக்கும் கம்மி, ஆனா ஒரு மணல் துணுக்கு மாட்டினாலே கீறல் விழும். ஏழு வயசுப் பிள்ளையும் பாசி சுரண்டுற தட்டும் இருக்கிற வீட்டுக்குக் கண்ணாடிதான். பெரியவரும் அதையே சொன்னார், அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது.

முக்கியமான விஷயம் இனிமேதான். கரண்ட் போனா என்ன ஆகும்?

நம்ம வீடுகள்ல தரைக்கு அடியில சம்ப் இருக்கும்ல, அதே பேருதான் இங்கயும். மேல் தொட்டியிலேர்ந்து தண்ணி வழிஞ்சு குழாய் வழியா கீழ ஸ்டாண்டுக்குள்ள இருக்கிற சம்ப்புக்கு வரும். அங்க வடிகட்டி, ஹீட்டர் எல்லாம். பம்பு அதைத் திரும்ப மேல ஏத்தும். பம்பு நின்ன நிமிஷம் மேல இருக்கிற தண்ணி ஒரு மட்டம் வரைக்கும் இறங்கிக்கிட்டே இருக்கும். எட்டடிக்கு ரெண்டடித் தொட்டியில ஒரு இஞ்சு தண்ணின்னா பத்து காலன். பம்புக் குழாயோட வாய் தண்ணிக்குள்ள நாலு இஞ்சு முங்கியிருந்தா சைஃபன் மாதிரி உறிஞ்சி நாப்பது காலனைக் கீழ இறக்கும். சம்ப்புல இடம் இல்லைன்னா உங்க ஹால் கார்ப்பெட்டுல. இதுக்கு ஒரு சின்ன ஓட்டை போட்டா காத்து புகுந்து நின்னுரும்னு சொல்வாங்க. அந்த ஓட்டைக்குள்ள ஒரு நத்தை போய் உக்காந்தா? பெரியவர் ஓட்டையை நம்புறதில்லை. குழாய் வாயையே மேல்மட்டத்துக்கு ஒரு இஞ்சு கீழ வைக்கிறார், நூறு காலன் கொள்ளுற சம்ப்புல ஓடும்போது அறுபதுக்கு மேல வைக்கிறதில்லை. வழிஞ்சு இறங்குற குழாயும் ஒண்ணில்லை, மூணு. ஒண்ணு அடைச்சா அடுத்தது, அதுவும் அடைச்சா சும்மாவே காஞ்சு கிடக்கிற மூணாவது. தொட்டிக்குள்ள தண்ணியைச் சுத்த விடுற சின்ன பம்பு ரெண்டும் பேட்டரியில ஓடுற வகை. கரண்ட் போனா தானா பேட்டரிக்கு மாறும். அது தீரும் முன்னாடி ஜெனரேட்டரைக் கொண்டுவந்து மாட்டிக்கலாம். அக்கா அந்த பேட்டரிப் பொட்டியையே ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு இருந்தா.

அவர்கிட்டயும் குறை இல்லாம இல்லை. விலை 23,800, அதாவது சின்னத் தொட்டிக்குக் கூடுதல் காசு. தனி ஆளு. நாளைக்கு முடியாமப் போனா யாரைக் கூப்பிடுறது? இதை எப்படிக் கேக்கறதுன்னு அத்தான் நெளிஞ்சார், நான் கேட்டுட்டேன். கோவிச்சுக்கலை. எல்லாக் குழாயும் வால்வும் சாதாரண ஹார்டுவேர் கடையில கிடைக்கிற அளவுலதான் போடுவாராம், ஒவ்வொரு வால்வுலயும் ஒரு தகட்டுல நம்பர், ஸ்டாண்டுக் கதவுக்கு உள்பக்கம் வரைபடம். "நான் இல்லைன்னாலும் ஒரு சாதாரண ப்ளம்பர் படிச்சுப் புரிஞ்சுக்கணும்"னார். புதுசா கட்டின தொட்டியைக் காட்டச் சொல்லலை நாங்க. ஆறு வருஷம் முன்னாடி கட்டினதைக் காட்டுங்கன்னோம். கூட்டிட்டுப் போனார். அந்த வீட்டம்மா ஸ்டாண்டைத் திறந்து காட்டுனாங்க. உள்ள உப்புப் பூத்த இடம் ஒண்ணு ரெண்டு இருந்துச்சு, ஒழுகல் இல்லை. அது எனக்கு டாப்லெட்டை விடப் பெருசு.

ஒப்பந்தத்துல மூணு விஷயத்துக்குச் சண்டை போட்டேன். டெக்சாஸ்ல தொட்டி கட்டுறவருக்கு லைசன்ஸ்னு எதுவும் கிடையாது, ஆனா எலெக்ட்ரீஷியனுக்கு உண்டு. அதனால அந்த ரெண்டு லைனையும் லைசன்ஸ் உள்ள ஆள்தான் இழுக்கணும். அவர்கிட்ட பொறுப்புக் காப்பீடு இருக்கிறதுக்குச் சான்று வேணும் (வீட்டு இன்சூரன்ஸ் தொட்டி உடைஞ்சா குடுக்குமான்னு அத்தான் தனியா எழுதிக் கேக்கணும், இன்னும் கேக்கலை). கடைசி இருபது சதவீதம் வீட்டுல தண்ணி நிரப்பி ரெண்டு வாரம் ஓடின அப்புறம்தான். முதல் ரெண்டுக்கும் உடனே சரின்னார். மூணாவதுக்குப் பத்து சதவீதம்னு பேரம் பேசி பதினஞ்சுல நின்னோம்.

மீன் என்ன விடுறதுன்னு இன்னும் முடிவாகலை. ஒரு கடையில நீல உடம்பும் மஞ்சள் முதுகுமா ஒரு மீன் பாத்தோம், பவுடர் ப்ளூ டேங்க், ஸ்ரீலங்காவிலேர்ந்து வந்ததுன்னு எழுதியிருந்துச்சு. எங்க ஊருக்கு எதிர்க்கரையிலேர்ந்து கிளம்பி டெக்சாஸ் வரைக்கும்! அது இப்படிப்பட்ட தொட்டியில நிக்க ரொம்பக் கஷ்டப்படுற மீனுன்னு பெரியவர் சொன்னார். பண்ணையில பொரிச்ச கோமாளி மீன் ரெண்டுலேர்ந்து ஆரம்பிங்கன்னார். பவளமும் கடல்லேர்ந்து பேத்தது வேணாம், தொட்டியில வளத்து ஒடிச்ச துண்டு போதும்னு அக்காவே சொல்லிட்டா. மன்னார் வளைகுடாவுல பவளப்பாறையை வெட்டி எடுத்து சுண்ணாம்புக்குச் சுட்ட கதையெல்லாம் தாத்தா சொல்லி நாங்க வளந்தவங்க. 2001-லேர்ந்து இந்தியாவுல கடினப் பவளமெல்லாம் புலியோட சேத்து முதல் அட்டவணையில இருக்கு.

போன சனிக்கிழமை அந்த ஷெட்டுலயே முதல் சோதனை. வெறும் குழாய்த் தண்ணி நிரப்பி முந்தின நாளே ஓட விட்டிருந்தார். அத்தான், நான், பொடிசு, அக்கா நாலு பேரும் போனோம். பெரியவர் சம்ப்புக் கண்ணாடியில நீல டேப்பு ஒண்ணு ஒட்டினார், தண்ணி இதைத் தாண்டக் கூடாதுன்னு. அப்புறம் மெயின் ஸ்விட்ச்சை யாரு அணைக்கிறீங்கன்னு கேட்டார். அக்கா போனா.

அணைச்சதும் சத்தமெல்லாம் நின்னுச்சு. சம்ப்புல தண்ணி ஏற ஆரம்பிச்சுது. ஏறுச்சு, ஏறுச்சு, டேப்புக்கு மூணு விரக்கடை கீழ வந்து நின்னுச்சு. மேல் தொட்டியில பேட்டரி பம்பு ரெண்டும் தண்ணியைக் கலக்கிக்கிட்டே இருந்துச்சு. அக்கா திரும்பப் போட்டா, திரும்ப அணைச்சா. மூணு தடவை. பெரியவர் ஒண்ணும் சொல்லாம ஸ்டூல்ல உக்காந்து காபி குடிச்சார். பொடிசு கண்ணாடியில மூக்கை ஒட்டிக்கிட்டு, "மாமா, மீனு எப்ப?"ன்னா. பொறந்தநாளுக்கு இல்லடா, அதுக்கப்புறம் ஆறு வாரம்னேன். கணக்குப் போட்டுப் பாத்துட்டு, சரின்னா.

டிஸ்கி: மேல் தொட்டி 240, சம்ப்புல 60. ஆக மொத்தம் எவ்வளவுன்னு நீங்களே கூட்டிக்குங்க. அத்தான் கூட்டிட்டார். ஆபீஸ்ல முன்னூறு காலன்னுதான் சொல்லிக்கிட்டுத் திரியுறார்.